உங்கள் ஏரியையும் சாலையையும் தொடும் மசோதாவை எதிர்ப்பது எப்படி: சட்டமன்றக் கூட்டத்தொடருக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

2023 ஏப்ரல் 21. தமிழ்நாடு சட்டமன்றத்தின் அந்தக் கூட்டத்தொடருக்குக் கடைசி நாள். அன்று நிறைவேறியவற்றில் இரண்டு மசோதாக்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம். மற்றொன்று, நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) மசோதா. 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், உள்ளே நீர்நிலையோ ஓடையோ வாய்க்காலோ இருந்தாலும், அரசு அதைச் ‘சிறப்புத் திட்டம்’ என்று அறிவித்து நிலங்களை ஒருங்கிணைக்க இந்த மசோதா வழி செய்தது.

முதல் மசோதா மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். இரண்டாவது மசோதாவுக்கு ஆகஸ்டில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது, அக்டோபரில் அது சட்டமாக நடைமுறைக்கு வந்தது. பூவுலகின் நண்பர்கள் போன்ற சுற்றுச்சூழல் அமைப்புகளும் இடதுசாரிக் கட்சிகளும் விவசாயிகளும் கடுமையாக எதிர்த்தும் அது நிற்கவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? என் பார்வையில் காரணம் எளிது. தொழிற்சங்கங்கள் மசோதா வருவதற்கு முன்பே தயாராக இருந்தன. எந்தப் பிரிவு, என்ன பாதிப்பு, யாரிடம் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியும். ஏரிப் பாசனத்தை நம்பியிருந்தவர்களில் பலர் மசோதா நிறைவேறிய செய்தியைப் பார்த்த பிறகுதான் அதைப் படிக்கவே தொடங்கினார்கள். அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்த வழிகாட்டி. எங்கள் பகுதியில் இந்த வேலையைச் செய்தும், புதிதாக வந்தவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தும் சேர்த்தவை இவை. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். இதில் வரிசைதான் பாதி வேலை.

1. முதலில், முடிவு எந்த மேசையில் இருக்கிறது என்று பாருங்கள்

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுப்பது. வரிசையில் நின்று, ரசீது வாங்கி, நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சட்டமன்றத்தில் இருக்கும் மசோதாவைக் கலெக்டர் நிறுத்த முடியாது. அந்த மனு ஏதோ ஒரு தாலுகா அலுவலகத்துக்குப் போய், “இது எங்கள் அதிகார வரம்பில் இல்லை” என்ற பதிலோடு இரண்டு மாதம் கழித்துத் திரும்பும். அதற்குள் மசோதா சட்டமாகியிருக்கும்.

எனவே இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நிலம், நீர், உள்ளாட்சி, மாநில நெடுஞ்சாலை, நகரமைப்பு ஆகியவை மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருப்பவை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் அதன் கீழ் வரும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் மத்திய அரசுடையவை. காடும் நிலம் எடுப்பும் பொதுப்பட்டியலில் உள்ளவை, இரு அரசுகளும் சட்டம் போடலாம்.

மாநில மசோதாவுக்கு உங்கள் எம்.எல்.ஏ.தான் முதல் ஆள். எம்.பி.க்கு எழுதினால் மரியாதைக்கு ஒரு பதில் வரலாம், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

இன்னொன்றும் கவனியுங்கள். எல்லாக் கெடுதலும் மசோதாவாக வருவதில்லை. நகரின் முழுமைத் திட்ட வரைவு வெளியானால், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அங்கே எழுத்து மூலம் ஆட்சேபிப்பது உங்கள் உரிமை. மசோதாவுக்கு அப்படி எந்தக் கட்டாயக் கால அவகாசமும் இல்லை. மசோதா வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று 2014இல் மத்திய அரசு வகுத்த கொள்கை மாநில அரசைக் கட்டுப்படுத்தாது. அவகாசம் இல்லாத இடத்தில் முன்தயாரிப்பு ஒன்றுதான் கைகொடுக்கும்.

2. கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

மசோதா எதைப் பற்றியது என்று தெரியாமலே இந்த வேலையைச் செய்யலாம். செய்தே ஆக வேண்டும். ஏனென்றால் மசோதா அறிமுகமாகி நிறைவேறும் இடைவெளி சில நாட்கள்தான். அந்த நாட்களில் ஆவணம் தேடிக்கொண்டிருந்தால் காரியம் கெட்டுவிடும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: உங்கள் ஊரின் ஏரி, குளம், வரத்துக்கால்வாய், உபரிநீர்க் கால்வாய் ஆகியவற்றின் சர்வே எண்கள். அந்த எண்களுக்கான புலப்படம் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடம்), ‘அ’ பதிவேட்டின் (ஒவ்வொரு சர்வே எண்ணின் வகையும் பரப்பும் எழுதிய வருவாய்த்துறைப் பதிவேடு) நகல். இவற்றை அரசின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். மேய்க்கால், களம், வண்டிப்பாதை போன்ற புறம்போக்குகளையும் விடாதீர்கள். யாரும் கவனிக்காத வண்டிப்பாதைதான் பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போகும் ஒரே வழி.

மழைக்காலத்தில் ஏரி நிரம்பியிருக்கும்போது எடுத்த படங்களையும் சேருங்கள். கோடையில் எடுத்த படத்தைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் அது தரிசு நிலமாகத்தான் தெரியும். படத்தில் தேதி இருக்கட்டும். கலங்கலும் (உபரிநீர் வழியும் இடம்) மதகும் (பாசன நீரைத் திறந்துவிடும் வாய்) தெரியும்படி எடுங்கள்.

போக்குவரத்துக்குத் தனியாக ஒரு தாள்: உங்கள் ஊருக்கு வரும் பஸ் எண்கள், முதல் பஸ், கடைசி பஸ், அருகில் உள்ள ரயில் நிலையம், பிள்ளைகள் நடந்து போகும் பாதை, முன்மொழியப்பட்டிருக்கும் புறவழிச்சாலை. சுற்றுச்சூழலுக்கு எழுதுபவர்கள் போக்குவரத்தையும், சாலைக்காக எழுதுபவர்கள் ஏரியையும் மறந்துவிடுகிறார்கள். தரையில் இரண்டும் ஒன்றுதான். வரத்துக்கால்வாயை மறித்துச் சாலை போட்டு, அகலமான பாலம் வேண்டிய இடத்தில் ஒற்றைக் குழாயைப் புதைத்தால், அந்தப் பக்கம் ஏரி காய்கிறது, இந்தப் பக்கம் தெரு மூழ்குகிறது.

தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்க வேண்டியதையும் இப்போதே கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனு போட்டால் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மசோதா வரைவைக் கேட்டால் அமைச்சரவைக் குறிப்பு என்று மறுப்பார்கள். அதனால் ஏற்கெனவே இருப்பதைக் கேளுங்கள்: ஏரியின் பதிவு செய்யப்பட்ட கொள்ளளவு, ஆயக்கட்டுப் பரப்பு (அந்த ஏரி நீர் பாயும் நிலப்பரப்பு), அதன் மேல் வந்திருக்கும் திட்ட விண்ணப்பங்கள்.

3. மசோதாவின் மூலப்பிரதியைக் கையில் எடுங்கள்

செய்தித்தாளில் படித்ததை வைத்துக் கடிதம் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த சுருக்கத்தை வைத்து எழுதவே எழுதாதீர்கள். “ஏரியையே விற்கப் போகிறார்கள்” என்று ஒரு வரி எழுதினால், மசோதாவில் ‘விற்பனை’ என்ற சொல்லே இல்லை என்று காட்டி உங்கள் கடிதம் முழுவதையும் ஒதுக்கிவிடுவார்கள்.

அறிமுகமான மசோதா சட்டமன்றப் பேரவையின் இணையதளத்தில் கிடைக்கும், அரசிதழிலும் வெளியாகும். மசோதாவுக்கு அதிகாரப்பூர்வப் பெயர் ‘சட்டமுன்வடிவு’. மசோதா என்று தேடினால் கிடைக்காது, அந்தச் சொல்லைப் போட்டுத் தேடுங்கள். எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இனி எழுதும் எல்லாவற்றிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

கூட்டத்தொடர் நடக்கும்போது தினமும் நிகழ்ச்சி நிரலைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். ஒருவரைத்தான். ‘எல்லோரும் பார்ப்போம்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். கடைசி மூன்று நாட்களில் காலையிலும் மாலையிலும் பார்க்க வேண்டும். மசோதாக்கள் கொத்தாக வருவது அப்போதுதான்.

கூட்டம் நடக்காத காலத்தில் அவசரச் சட்டம் வந்தால், அடுத்த கூட்டத்தில் அதே உள்ளடக்கத்தோடு மசோதா வரப்போகிறது என்று பொருள். உங்களுக்குக் கிடைத்த அரிய முன்னறிவிப்பு அது. அன்றே வேலையைத் தொடங்குங்கள்.

4. படிக்கும் வரிசை: நோக்கத்தைக் கடைசியில் படியுங்கள்

மசோதாவோடு ‘நோக்க காரண விளக்கவுரை’ என்று ஒன்று இருக்கும். புதியவர்கள் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள். அதில் எல்லாம் நல்லதாகவே எழுதியிருக்கும். 2023 நில மசோதாவைப் பற்றியும் அரசுத் தரப்பு சொன்னது, நீர்நிலைகளைப் பாதுகாக்கவே இது என்றுதான். அதைப் படித்துவிட்டுப் பிரிவுகளுக்குள் போனால் கண் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

வரையறைகளில் தொடங்குங்கள். ‘திட்டம்’, ‘நீர்நிலை’, ‘உள்கட்டமைப்பு’, ‘பொது நோக்கம்’ ஆகிய சொற்களுக்கு என்ன பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எது உள்ளே வருகிறது என்பதைவிட எது விடுபட்டிருக்கிறது என்பது முக்கியம். ஏரியைச் சொல்லிவிட்டு அதற்கு நீர் கொண்டுவரும் சதுப்பையும் மேய்க்காலையும் விட்டிருந்தால், அந்த ஏரி காகிதத்தில் மட்டும்தான் பிழைக்கும்.

அடுத்து, மற்றச் சட்டங்களை மீறி நிற்கும் பிரிவைத் தேடுங்கள். “வேறு எந்தச் சட்டத்தில் அடங்கியுள்ளது எது எவ்வாறிருப்பினும்” என்ற சொற்றொடர் கண்ணில் பட்டால் அங்கே நின்று மூன்று முறை படியுங்கள். அந்த ஒரு வரி, 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் போன்றவற்றை உங்கள் ஊரில் செயலற்றதாக்கக் கூடும்.

மூன்றாவது, முடிவெடுப்பது யார்? 2023 சட்டத்தில் நால்வர் நிபுணர் குழு ஒன்று வருகிறது. எந்த மசோதாவில் இப்படிக் குழு வந்தாலும் கேட்க வேண்டியவை இவை: உறுப்பினர்களை யார் நியமிக்கிறார்கள்? ஊராட்சித் தலைவருக்கோ மாவட்டத் திட்டக் குழுவுக்கோ அதில் இடம் உண்டா? குழு சொல்வது அரசைக் கட்டுப்படுத்துமா, வெறும் பரிந்துரையா? சென்னைப் பெருநகரம் என்றால், சி.எம்.டி.ஏ.வுக்கும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) 2010 சட்டத்தின் கீழ் அமைந்த சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கும் அதில் என்ன பங்கு? பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் சேர்த்துத் திட்டமிட ஓர் அமைப்பை உருவாக்கிவிட்டு, பல்லாயிரம் பேர் வந்து போகப்போகும் ஒரு திட்டத்தை அதைக் கேட்காமலே அனுமதித்தால், அந்தச் சாலையில் நெரிசலில் நிற்கப்போவது நாம்தான்.

நான்காவது, ஆட்சேபணைக்கு எத்தனை நாள் என்று பாருங்கள். அந்த அறிவிப்பு எங்கே வெளியாகும் என்பதையும் பாருங்கள். அரசிதழில் மட்டும் என்றால் ஊரில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கடைசியாக, “வகுத்துரைக்கப்பட்டவாறு” என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். அந்தச் சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் உண்மையான முடிவு பின்னால் வரும் விதிகளுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. உரிமையியல் நீதிமன்றம் போக முடியாது என்ற பிரிவு இருந்தால் அதையும் குறியுங்கள்.

இத்தனையும் முடித்த பிறகு நோக்க விளக்கவுரையைப் படியுங்கள். அது சொல்வதும் பிரிவுகள் செய்வதும் எங்கே பிரிகின்றன என்பதுதான் உங்கள் கடிதத்தின் முதல் பத்தி.

5. பிரிவை நிலத்தோடு பொருத்துங்கள்

இது விட்டுவிடக் கூடாத படி. இங்கே அவசரப்பட வேண்டாம், ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள்.

ஒரு முறை எங்கள் ஊர் நூலகத் திண்ணையில் உட்கார்ந்து மசோதாவை உரக்கப் படித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நீர்ப்பாய்ச்சியாக இருந்து ஓய்ந்த பெரியவர் ஒருவர். பிரிவு எண்கள் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. புலப்படத்தை விரித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கால்வாய்க் கோட்டின் மேல் விரலை வைத்து, “இந்தக் கோடு இங்க முடியல தம்பி. சர்வேக்காரன் எல்லை முடிஞ்சதுன்னு நிறுத்திட்டான். தண்ணி அதுக்கப்புறமும் போவுது” என்றார். அவர் விரல் போன இடத்தில் பக்கத்து ஊராட்சியின் எல்லை இருந்தது, அதற்கப்பால் இரண்டு ஏரிகள். எங்கள் கடிதத்தில் ஒரு ஊர் என்று இருந்தது மூன்று ஊர் ஆனது. மறுநாளே அந்த ஊர்களுக்கு ஆள் போனோம்.

அதனால்தான் சொல்கிறேன், வரைபடத்தை வயதானவர்கள் முன் விரியுங்கள். மீன் பிடிப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், நூறு நாள் வேலையில் ஏரி தூர்வாரிய அக்காமார், எல்லோரையும் கேளுங்கள். ‘அ’ பதிவேட்டில் இல்லாத ஓடை அவர்கள் நினைவில் இருக்கும்.

பிறகு ஒரு தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் மசோதாவின் பிரிவு எண். வலப்பக்கம் உங்கள் ஊரில் அது தொடும் சர்வே எண்ணும், அங்கே இப்போது என்ன இருக்கிறது என்பதும். வலப்பக்கம் காலியாக இருக்கும் பிரிவைப் பற்றிக் கடிதத்தில் எழுதாதீர்கள். அதை எழுத வேறு ஊர்க்காரர்கள் இருப்பார்கள்.

6. என்ன கேட்கிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

“மசோதாவை எதிர்க்கிறோம்” என்பது உங்கள் நிலைப்பாடு. கோரிக்கை அதைவிடத் துல்லியமாக இருக்க வேண்டும். அந்த எம்.எல்.ஏ. நாளை காலை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதுதான் கோரிக்கை.

இங்கே ஓர் உண்மையைப் புரிந்துகொள்ளுங்கள். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் கீழ் பதவி போகும். அவரிடம் போய் “எதிர்த்து ஓட்டுப் போடுங்கள்” என்று கேட்டால், அவரால் முடியாததைக் கேட்டவர்கள் ஆகிவிடுவீர்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அவரால் முடிந்ததைக் கேளுங்கள். துறை அமைச்சரைப் பார்த்துத் தொகுதியின் பாதிப்பைச் சொல்லலாம். கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் கூட்டத்தில் பேசலாம். திருத்தம் கோரலாம். மசோதாவைத் தெரிவுக்குழுவுக்கு (அதைப் பிரிவு பிரிவாக ஆராயும் சட்டமன்ற உறுப்பினர்கள் குழு) அனுப்பச் சொல்லலாம், அல்லது பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடச் சொல்லலாம். கடைசி இரண்டும் அரசுக்கு மானக்கேடு இல்லாத வழிகள். “திரும்பப் பெறுங்கள்” என்பதற்கு இறங்காத அமைச்சர் “இன்னும் கொஞ்சம் ஆராயலாம்” என்பதற்கு இறங்கக்கூடும்.

எனவே இரண்டு அடுக்காகக் கேளுங்கள்: திரும்பப் பெற வேண்டும், இல்லையென்றால் தெரிவுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். இதற்கு மேல் மூன்றாவது, நான்காவது என்று அடுக்காதீர்கள். முதல் இரண்டும் பலவீனமாகிவிடும்.

7. கடிதம்: ஒரே பக்கம்

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும், ஏன் ஒரே பக்கம் என்று புரியும். முதியோர் ஓய்வூதியம், பள்ளிச் சேர்க்கை, கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எங்களோடு வந்த நண்பர் பதினான்கு பக்க மனுவைக் கொடுத்தார். உதவியாளர் முதல் பக்கத்தின் மேல்பகுதியைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தில் கையெழுத்தைப் பார்த்தார், அடுக்கின் மேல் வைத்துவிட்டார். அதற்கு மேல் அடுத்தவரின் மனு வந்து விழுந்தது.

இப்படி எழுதுங்கள்:

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு, வணக்கம்.

பொருள்: சட்டமுன்வடிவு எண் …… / ஆண்டு …… — பிரிவு …… குறித்த ஆட்சேபணை.

நாங்கள் தங்கள் தொகுதியில் …… ஊராட்சியில் வசிக்கிறோம். மேற்கண்ட பிரிவு எங்கள் ஊரின் …… ஏரியையும் (சர்வே எண் ……) அதன் வரத்துக்கால்வாயையும் நேரடியாகப் பாதிக்கும். இந்த ஏரியை நம்பி …… ஏக்கர் பாசனமும் …… குடும்பங்களின் குடிநீரும் இருக்கின்றன. கால்வாயை ஒட்டிய பாதைதான் …… பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் எங்கள் ஒரே வழி.

இம்மசோதாவைத் திரும்பப் பெறவும், இல்லையெனில் தெரிவுக்குழுவுக்கு அனுப்பவும் தாங்கள் துறை அமைச்சரிடம் வலியுறுத்த வேண்டுகிறோம். …… தேதிக்குள் தங்கள் நிலைப்பாட்டை எங்களுக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: புலப்படம், மழைக்காலப் புகைப்படம் ஒன்று.

ஏக்கர் கணக்கும் குடும்பக் கணக்கும் ‘அ’ பதிவேட்டிலோ ஊராட்சிப் பதிவிலோ இருப்பதாக இருக்கட்டும். உத்தேசமாக எழுதாதீர்கள். கையெழுத்திடுபவர்கள் பெயரோடு தெருவையும் எழுதட்டும். தொகுதி வாக்காளர்கள் என்று தெரிய வேண்டும்.

ஒரே வாசகத்தை நகலெடுத்து இருநூறு பேர் அனுப்புவதைவிட, இருபது பேர் அவரவர் தெருவைப் பற்றி இரண்டு வரி மாற்றி எழுதுவது மேல். உதவியாளர் இருநூறையும் ஒரே கடிதமாகத்தான் எண்ணுவார்.

8. யாரிடம், எந்த வரிசையில்

மசோதா அறிமுகமான அன்றே: உங்கள் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் நேரில் கொடுங்கள், நகலில் முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். கூட்டத்தொடர் நாட்களில் அவர் சென்னையில்தான் இருப்பார். அதனால் தொகுதி அலுவலகத்தில் கொடுத்ததை அவர் உதவியாளருக்கு போனில் சொல்லி, படத்தையும் அனுப்பிவிடுங்கள்.

அடுத்த நாள்: கூட்டணிக் கட்சிகளின் சட்டமன்றக் குழுத் தலைவர்கள். இந்தப் படியை எல்லோரும் மறக்கிறார்கள், எனக்கோ இதுதான் மிக முக்கியமானது. எதிர்க்கட்சி எதிர்த்தால் அது வழக்கம் என்று அரசு கடந்துபோகும். கூட்டணிக்குள்ளிருந்து குரல் வந்தால் கடந்துபோக முடியாது. 2023இல் 12 மணி நேர வேலை மசோதாவை ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்துப் பேசி வெளிநடப்பு செய்தன. பேசப் போகிறவருக்கு உங்கள் இரண்டு கட்டத் தாளைக் கொடுங்கள். அவையில் எழுந்து ஓர் ஏரியின் பெயரையும் சர்வே எண்ணையும் சொல்லிப் பேசினால் அது அவைக் குறிப்பில் நிற்கும், பிறகு நீதிமன்றத்தில்கூட எடுத்துக்காட்டலாம்.

அதற்குப் பிறகு துறை அமைச்சர், துறைச் செயலாளர், எதிர்க்கட்சித் தலைவர். முதல்வரின் தனிப்பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பதிவெண் கிடைக்கும்.

உள்ளூர் நிருபரைக் கூப்பிடும்போது கரைக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். காகிதத்தை மட்டும் கொடுத்தால் நான்கு வரிச் செய்தி வரும். மதகைப் பார்த்துவிட்டுப் போனவர் அரைப் பக்கம் எழுதுவார்.

எந்தக் கட்சிக் கொடியோடும் இதைச் செய்யாதீர்கள். கட்சிக்காரர்கள் வரட்டும், பேசட்டும். மனு ஊரின் பெயரில் இருக்கட்டும். கொடி வந்த மறுநிமிடம் ஊரில் பாதிப்பேர் விலகிவிடுவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

9. கிராம சபையும் பகுதி சபையும்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். கூட்டத்தொடரோடு இவை பொருந்தாமல் போகலாம். அதனால் முந்தைய கிராம சபையிலேயே பொதுவான ஒரு தீர்மானம் போட்டு வையுங்கள்: இன்னின்ன சர்வே எண்களில் உள்ள நீர்நிலைகளையும் பாதைகளையும் கிராம சபையின் கருத்தைக் கேட்காமல் எந்தத் திட்டத்துக்கும் மாற்றக் கூடாது என்று. மசோதா வரும்போது அதன் நகலைக் கடிதத்தோடு இணைக்கலாம்.

தீர்மானத்தைக் கைதட்டி நிறைவேற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும் வரை அங்கேயே இருங்கள், வாசகத்தைப் படித்துப் பாருங்கள், பிறகு நகல் கேளுங்கள். ‘குடிநீர் வசதி குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று ஒற்றை வரியில் முடிந்துபோன தீர்மானங்கள் எத்தனையோ. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் கிராம சபைதோறும் தீர்மானம் போட்டுக்கொண்டே வந்தார்கள். அது சட்டப்படி அரசைக் கட்டிப்போடாது. ஆனால் ‘மக்கள் சம்மதத்தோடு’ என்று யாரும் எழுதிவிட முடியாதபடி பதிவு ஒன்று நிற்கிறது.

நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை உண்டு, கிராம சபை போலவே வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம் அது. 2022இலிருந்து நடக்கிறது. வருவோர் குறைவு என்பதால் பத்துப் பேர் சேர்ந்து போனாலே பேசுபொருளை நீங்கள் வைக்கலாம்.

10. நிறைவேறிவிட்டால்

நிறைவேறிய மசோதா ஆளுநருக்குப் போகிறது. பொதுப்பட்டியலில் உள்ள பொருளில் மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால், அது செல்லுபடியாகக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அப்படி முரண்பாடு இருந்தால், எந்த மத்தியச் சட்டத்தின் எந்தப் பிரிவோடு என்று சொல்லி எழுதுங்கள். வெறுமனே “கையெழுத்துப் போடாதீர்கள்” என்று ஆளுநருக்கு எழுதுவதை நான் ஏற்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அவையிடம் வாதாட வேண்டியதை நியமிக்கப்பட்டவரிடம் கேட்டால், நாளை நல்ல சட்டம் ஒன்று தேங்கும்போது நமக்குப் பேச வாய் இருக்காது.

நீதிமன்றம் இருக்கிறதே என்பவர்களுக்கு நெடுஞ்சாலைக் கதையைச் சொல்கிறேன். 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட மூன்று சட்டங்களின் கீழ், சமூகத் தாக்க மதிப்பீடு இல்லாமலே நிலம் எடுக்க வழி இருந்தது. 2013இல் வந்த மத்திய நில எடுப்புச் சட்டத்தின் பிடியிலிருந்து அவற்றை விலக்க, மாநில அரசு 105ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. நிலம் இழந்தவர்கள் கொண்டாடினார்கள். அதே மாதம் சட்டமன்றம் அந்த மூன்று சட்டங்களுக்கும் உயிர்கொடுக்கும் புதிய மசோதாவை நிறைவேற்றியது. அதை 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. வழக்கில் வென்ற வழக்கறிஞர்கள் இருந்தார்கள், ஆனால் அந்தப் புதிய மசோதா அவைக்கு வந்த நாட்களில் எம்.எல்.ஏ. அலுவலகங்களின் முன் எத்தனை பேர் நின்றார்கள்? வழக்குக்கு ஆள் வைக்கும்போதே சட்டமன்றத்துக்கும் ஆள் வையுங்கள்.

சட்டம் ஆன பிறகும் இரண்டு வாசல்கள் திறந்திருக்கும். ஒன்று விதிகள். ‘வகுத்துரைக்கப்பட்டவாறு’ என்று நீங்கள் எண்ணி வைத்த இடங்கள் எல்லாம் இப்போதுதான் நிரப்பப்படும். வரைவு விதிகளை வெளியிட வேண்டும் என்று துறைச் செயலாளருக்கு உடனே எழுதுங்கள். ஊராட்சியில் அறிவிப்பு ஒட்டுவது, ஆட்சேபணைக்குக் கூடுதல் நாள், தமிழில் வரைபடம் ஆகியவற்றை விதிகளில் சேர்க்கச் சொல்லுங்கள். மற்றொன்று, அந்தச் சட்டத்தின் கீழ் உங்கள் பகுதியில் வரும் முதல் அறிவிக்கை. அதற்கான ஆட்சேபணைக் கடிதத்துக்கு வேண்டியதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது.

கூட்டத்தொடர் முடிந்த வாரத்தில் ஒரு மாலை கூடுங்கள். யாருக்கு எழுதினோம், யார் பதில் சொன்னார்கள், யார் அவையில் பேசினார்கள் என்று தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வையுங்கள். பதில் சொல்லாத எம்.எல்.ஏ.வுக்கு முதல் கடிதத்தின் நகலோடு நினைவூட்டல் அனுப்புங்கள். ஏரிக் கொள்ளளவு பற்றிய தகவல் உரிமை மனுவின் பதில் இன்னும் வரவில்லையென்றால், முதல் மேல்முறையீட்டைப் பதில் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் போட்டுவிடுங்கள். அடுத்த கூட்டத்தொடரின் நிகழ்ச்சி நிரலைப் பார்க்கப் போவது யார் என்பதையும் அன்றே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.